பூட்டில்லாத பெட்டி

என் ரம்யா அக்காவுக்கு,

உறைபனி இறங்கிவிட்டது. வேறு யாருக்கும் முன்னால் இதை உனக்குத்தான் சொல்லணும் என்று இருந்தேன். நேற்று வரைக்கும் வெறும் நீர்ப்பனிதான். புல் நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். இன்றைக்குக் காலையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பள்ளத்துப் புல்வெளி முழுக்க வெள்ளை. குழாயடியில் வைத்திருந்த வாளியின் மேலே கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ். புல்லில் கால் வைத்தால் மொறுக் மொறுக் என்று சத்தம். போன மார்கழி முழுக்க நீ தேடிப் போக ஆசைப்பட்ட சத்தம்.

அம்மா உள்ளே தூங்குகிறாள். அப்பா மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு ஏற்றிப் போயிருக்கிறார், நாளை மதியம்தான் வருவார். நான் கம்பளியை முக்காடு போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போடவில்லை, ஆனாலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

விடிகிறதுக்கு முன்னால் போஜண்ணாவின் ஜீப் வந்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அதனால்தான் எழுதுகிறேன்.

மலையைப் படம் பிடிக்கிற உங்கள் கூட்டத்தின் வழக்கத்தை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எழுதிப் பார்த்தால்தான் நான் கெடுத்தது எவ்வளவு பெரிது என்று எனக்கே புரிகிறது. ஆளுக்கு ஒரு இடம். போஜண்ணாவுக்கு அணைக்கரை. பேக்கரி சலீம் பாய்க்கு பைன் மரச் சரிவு. உனக்கு நம் ஊருக்கு மேலே இருக்கும் மேட்டுப் பாறை. மழை, வெயில், மூடுபனி, உறைபனி, எது வந்தாலும் அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில், அதே சரிவை எடுக்கணும். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் நிற்கக் கூடாது. லென்ஸையும் மாற்றக் கூடாது. "மாத்துனா, மாறுனது மலையா கண்ணாடியான்னு எவனுக்குத் தெரியும்?" என்பார் பாய்.

எல்லாக் காலமும் எடுத்து முடிந்ததும் பேக்கரிச் சுவரில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். வர்க்கி பிஸ்கட் வாங்க வருகிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் தோட்டத்தைப் படத்தில் தேடுவார்கள். "அதோ என் ஊட்டுத் தகரம் தெரியுது பாரு" என்று யாராவது கத்துவார்கள்.

உன் கயிற்றுக்கு வேண்டிய படமெல்லாம் தயாராக இருக்கிறது. ஆடியில் மேகம் சரிவையே விழுங்கிவிட்டு ஒரே ஒரு சில்வர் ஓக் மரத்தை மட்டும் மிச்சம் வைத்த படம். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள், சீப்பால் வாரிவிட்ட மாதிரி கேரட் பாத்திகள். மாசியில் காய்ந்து பழுப்பான புல். சித்திரையில் முதல் மழை பெய்து தேயிலை கொழுந்து விட்ட படம். அந்தப் பச்சையைப் பார்த்து அம்மாவே "வாயில போட்டு மெல்லலாம் போல இருக்குது" என்று சொன்னாளே.

பனிக்காலப் படம் மட்டும் இல்லை. அதுவும் என்னால்தான்.

போன மார்கழியில் நீ என்னை எழுப்பாத நாள் உண்டா? அம்மா உன்னை இருட்டில் தனியாக விடமாட்டாள். "தேயிலைக்குள்ள காட்டெருமை நிக்குது, துணைக்கு இவளையும் கூட்டிட்டுப் போ" என்பாள். நீ வந்து என் கம்பளியை உருவுவாய்.

"ஷாலு, எந்திரிடி. பனி வெள்ளையா நிக்குது."

"நாளைக்குப் போலாங்க்கா."

"நேத்தும் இதைத்தான சொன்னே?"

"நேத்து சொன்ன நாளைக்கு வேற. இது வேற நாளைக்கு."

நீ சிரித்துவிடுவாய். சிரித்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். திரும்பப் படுத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு நாள் எழுந்து வந்தேன். டார்ச் என் கையில். பாதி மேட்டில், ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில், கறுப்பாகப் பெரிதாக ஒன்று படுத்திருந்தது. நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு உன் ஸ்வெட்டரைப் பிடித்துத் தொங்கினேன். நீ டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தாய். பனியில் கருகாமல் நாற்றை மூடுவதற்காக யாரோ குவித்து வைத்த சாக்கு.

"அடியே, சாக்குடி அது! கொம்பு எங்க இருக்குது காட்டு பாக்கலாம்?"

சாக்கு என்று எனக்கும் தெரிந்தது. கால்தான் நகரவில்லை. நீ கெஞ்சினாய், முறைத்தாய், முதுகில் ஏறிக்கோ என்றுகூடச் சொன்னாய். அதற்குள் எதிர் மலையில் வெயில் வந்து, பனி உருகி, புல் வெறும் ஈரமாகிவிட்டது. திரும்பி வரும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடு, அடுத்த மார்கழி எங்கடி போகுது" என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே பேக்கரியில் சொல்லிவிட்டாய். அதிலிருந்து சலீம் பாய்க்கு நான் காட்டெருமைதான். "என்னா காட்டெருமை, புல்லு வேணுமா பன்னு வேணுமா?"

வைகாசி மழையில், ஊட்டியில் ஸ்டுடியோ வேலை முடித்து வரும்போது, வளைவில் உன் வண்டி சறுக்கியது. அடுத்த மார்கழி எங்கேயும் போகவில்லை அக்கா. நேரத்துக்கு வந்துவிட்டது. நீதான் இல்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

உன் பழைய தேயிலைப் பெட்டி. உள்ளே கேமராவும் அந்த லென்ஸும், ஒரு மூலையில் சின்னக் குண்டு பல்பும். மழைக்காலம் முழுக்க அந்த பல்ப் எரிந்துகொண்டே இருக்கணும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள்ளே பூஞ்சை பிடித்துவிடும். உனக்கும் போஜண்ணாவுக்கும் பாய்க்கும் எல்லார் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பெட்டி, ஒரு பல்ப். "சோறு இல்லாட்டிப் பரவால்ல, பல்ப்ப அணைச்சீங்கன்னா இருக்குது சேதி" என்று ஆனி பிறந்ததும் வீட்டில் உத்தரவு போடுவாய்.

நம் அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். வயரிங் பழசு, ஒரு தடவை புகைந்ததிலிருந்து அப்பா மல்டி பிளக்கை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. அதனால் நமக்குள் எத்தனை சண்டை! நான் அம்மா போனுக்குச் சார்ஜ் போட பல்ப்பைப் பிடுங்குவேன், நீ சார்ஜரைப் பிடுங்குவாய். "வந்துட்டா பாரு சார்ஜர் ராணி" என்பாய்.

நீ போன பிறகு உன் போன் கீறலோடு வீட்டுக்கு வந்தது. பேட்டரி நிற்காது, வயரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அதில் நீ எனக்கு அனுப்பிய குரல்கள் இருந்தன. "ஷாலு, பால் வாங்கிட்டியா?" "கதவத் தாழ் போட்டுக்கோ, நான் வர லேட்டாகும்." அதைக் கேட்கத்தான் முதல் நாள் பல்ப்பைப் பிடுங்கிச் சார்ஜரைச் சொருகினேன். சத்தியமாக அதற்குத்தான்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். உன்னிடம் அப்படி நிறுத்தக் கூடாது. கொஞ்ச நாளில் உன் குரலைக் கேட்பது குறைந்துவிட்டது. கேட்டால் அழுகை வருகிறது, அழுதால் மறுநாள் ஸ்கூலில் முகம் வீங்கித் தெரிகிறது. அதனால் ரீல்ஸ் பார்த்தேன். நாய் டான்ஸ் ஆடுவதை, யாரோ கேக் வெட்டுவதை, யாரோ யாரையோ ஏமாற்றிச் சிரிப்பதை. வெளியே ஆடி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும், பெட்டி இருட்டாகக் கிடக்கும், நான் போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருப்பேன். காலையில் பல்ப்பைத் திரும்பச் சொருகலாம். இரண்டு நாள் சொருகினேன். அப்புறம் மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். மறக்கவில்லை. சோம்பல்.

தீபாவளிக்கு மறுநாள் நல்ல வெயில். பெட்டியைத் திறந்தேன். காளான் வாசம். லென்ஸை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு, சிலந்தி நூல் மாதிரி வெள்ளை வெள்ளையாக. தாவணியால் துடைத்தேன். போகவில்லை, அது உள்ளே இருக்கிறது. கூரைமேல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? அடித்திருப்பாயா? அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே போஜண்ணா என்னைப் பேக்கரி வாசலில் நிறுத்தினார்.

"பாப்பா, ரம்யாவுக்குப் பனிப் படம் ஒண்ணுதான் பாக்கி. அவ இடத்துல நாங்க யாரும் நிக்க மாட்டோம். நீ நில்லு. அதே கேமரா, அதே லென்ஸ். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ அமுக்குனாப் போதும்."

"இருட்டுல ஏறணுமே, காட்டெருமைக்குத் துணைக்கு இன்னொரு காட்டெருமை வேணுமே" என்று பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பல்ப் எரியுதுல்ல?" என்று கேட்டார் போஜண்ணா.

"எரியுதுண்ணா."

"அப்பப் பெட்டிய ஒருக்கா எடுத்துட்டு வா. லென்ஸத் துடைச்சுப் பாத்துக்கலாம்."

என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை, அதுவாக வாயில் வந்தது. "அம்மா பெட்டியத் தொட உட மாட்டாங்கண்ணா. பூட்டி வெச்சிருக்காங்க. யாராச்சும் தொட்டா அழுவாங்க."

போஜண்ணா முகம் மாறிவிட்டது. "சரி, சரி. பெத்த மனசு. இனிமே நான் கேக்கலை" என்றார். பாய் என் பொட்டலத்தில் இரண்டு வர்க்கியைக் கூடப் போட்டார். அந்த வர்க்கியை நான் வழியிலேயே தின்றேன் அக்கா. பசித்தது, தின்றேன்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் சொல்லிவிட்ட வார்த்தை ஊருக்குள் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. முந்தாநாள் அம்மா கேரட் தோட்டத்திலிருந்து வந்தாள். கையில் மண்ணைக்கூடக் கழுவவில்லை, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கூடக் கேரட் பிடுங்குகிற சரசு அக்கா எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள்: "செத்தவ சாமானப் பூட்டி வெச்சா அவ திரும்பி வந்துருவாளாக்கும்? அந்தப் படம் புடிக்கிற பசங்க உன் ஊட்டு வாசல்ல எத்தன நாளைக்குத்தான் நிப்பாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"நான் எப்ப அம்மிணி பூட்டுனேன்? அந்தப் பெட்டிக்குப் பூட்டே இல்லியே."

நான் தட்டைக் கழுவினேன்.

"யாரு கெளப்பிவிட்டிருப்பாங்க? அந்தப் போஜனா? அவன் அப்படிப்பட்ட ஆளில்லியே."

நான் கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

இன்றைக்குப் பனியைப் பார்த்ததும் அம்மா வேலைக்குப் போகவில்லை. தலையைச் சீவி, சால்வையைப் போர்த்திக்கொண்டு நேராகப் போஜண்ணா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "ஏனுங்க தம்பி, நாளைக்குக் காலையில வாங்க. பெட்டியோட பொண்ண அனுப்பி வெக்கிறேன். நான் யாரையும் தடுக்கலீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வந்து அதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தாள்.

சாயங்காலம் அவளே கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். திறக்கவில்லை. திறக்க அவளுக்கும் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன். அப்போதுதான் தரையில் கிடந்த பல்ப் வயரைப் பார்த்தாள். பிறகு பிளக் பாயிண்டில் இருந்த சார்ஜரைப் பார்த்தாள்.

அம்மா சார்ஜரை மெதுவாகப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, என் கையில் கொடுத்தாள். பல்ப் வயரை எடுத்துச் சொருகினாள். பெட்டியின் பலகை இடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் வந்தது.

"அவ சொல்லிச் சொல்லி வெச்சாளே, அணைக்காதீங்கன்னு. இத்தன மாசமா எனக்கு ஞாபகமே இல்ல பாரு" என்றாள். "நாந்தேன் கவனிக்காம உட்டுட்டேன்."

அக்கா, அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கணும். என் கையில் சார்ஜர் இருந்தது. "இல்லம்மா, நான்" என்று சொன்னால் போதும். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் தன் மேல் போட்டுக்கொண்டாளா?

அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். இப்போது பனிக்காலம், காற்று காய்ந்து கிடக்கிறது, பல்ப் தேவையே இல்லை. நீ இருந்தால் "மார்கழியில எதுக்கும்மா இது" என்று சிரித்திருப்பாய். அம்மாவுக்கு அது தெரியாது. உன் உத்தரவு ஞாபகம் வந்துவிட்டது, அதனால் எரியவிட்டிருக்கிறாள்.

தப்பிக்க வழி தேடிப் பார்க்காமல் இல்லை. பாதை திரும்புகிற இடத்தில் பெட்டியோடு வேண்டுமென்றே விழுந்துவிடலாமா என்று யோசித்தேன். இருட்டில் தடுக்கிவிட்டது என்றால் எல்லாரும் நம்புவார்கள், பாவம் பிள்ளை என்று தூக்கிவிடுவார்கள். உன் லென்ஸை உடைக்க யோசித்தேன் என்பதை உன்னிடமே எழுதுகிறேன். இன்னொன்றும் யோசித்தேன். ஒன்றும் சொல்லாமல் அமுக்கிவிட்டால், படம் மங்கலாக வந்தால், பனி மூட்டம் என்று விட்டுவிடுவார்கள் என்று. ஆனால் சலீம் பாய் லென்ஸை வாங்கியதும் முதலில் வானத்தைப் பார்த்துத்தான் பிடிப்பார். பிடித்ததும் அவர் யாரைத் திரும்பிப் பார்ப்பார்? என்னை இல்லை. "அம்மா பூட்டி வெச்சதால வந்த வினை" என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சரசு அக்கா அதைத் தோட்டம் முழுக்கச் சொல்வாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், நாந்தேன் என்பாள்.

லென்ஸ் கெட்டதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூட்டே இல்லாத பெட்டிக்கு அம்மா பேரில் பூட்டுப் போட்டவள் நான்.

உள்ளே தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்கிறது. ஜீப் வர இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் எழுந்துவிட்டாள். எனக்கு வெந்நீர் வைக்கத்தான். குளிரில் கை விறைத்தால் அமுக்க முடியாது என்று ராத்திரியே சொன்னாள்.

எழுந்திருக்கிறேன் அக்கா. இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்ல மாட்டேன். டீ கொதிக்கிறதுக்குள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்: பல்ப்பை அணைத்தது நான், பூட்டு என்று சொன்னதும் நான். அவள் அடித்தாலும் சரி, அழுதாலும் சரி. அப்புறம் போஜண்ணாவிடமும் பாயிடமும் பெட்டியைத் திறந்து காட்டி, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வேன். அதற்குப் பிறகும் என்னை உன் பாறையில் நிற்க விடுவார்களா, எந்த லென்ஸைப் போடுவார்கள், பனிப் படம் இல்லாமலே உன் கயிறு தொங்குமா, எனக்குத் தெரியாது. அது அவர்கள் முடிவு. விட்டால், பாதை திரும்புகிற இடத்தில் சாக்கு இருந்தாலும் சரி, உண்மையிலேயே கொம்பு இருந்தாலும் சரி, திரும்பி வர மாட்டேன்.

பல்ப்பை நான் அணைக்கவில்லை. அது எரியட்டும்.

சார்ஜரை அம்மாவிடம் கொடுக்கப் போகிற,
உன் தங்கச்சி
ஷாலு